20 கிலோ குறையும்வரை காத்திருக்க வேண்டாம்: பருமனான உடம்போடு பிள்ளைப்பேற்றுக்குத் தயாராவது

எடை 90 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர், வயது 28, கல்யாணமாகி மூன்று வருஷம். வீட்டுக்காரர் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம், அம்மா வீடு தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் தாண்டி ஒரு கிராமம். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. "20 கிலோ குறைத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். "இந்த உடம்பை வெச்சிக்கிட்டு எப்படிப் பிள்ளை பெறுவ?" என்று மாமியார் கேட்கிறார். அவ்வளவும் குறைத்தால்தான் பிள்ளை பிறக்குமா, நார்மல் டெலிவரி ஆகுமா, எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். என் மகள் வயசு உனக்கு. அதனால் நீ என்றே எழுதுகிறேன் கண்ணு, தப்பாக நினைக்காதே.

நான் டாக்டர் இல்லை. கிராம சுகாதார செவிலியராகவும் பிறகு பகுதி சுகாதார செவிலியராகவும் 32 வருஷம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சுற்றியவள். 2004-ல் பிரிக்கும்வரை தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம்தான், அதனால் இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். மருந்து, மாத்திரை என்று நான் கீழே சொல்வதையெல்லாம் உன் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் குண்டுதான். 1994-ல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது 86 கிலோ. ஐந்தாம் மாதம் ஒரு மருத்துவமனையில் எடை மெஷின்மேல் ஏறினேன். "மெஷின் தாங்குமா பாத்துக்கங்க" என்று அங்கிருந்த ஒருத்தர் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் செக்கப்புக்கே போகவில்லை. ஊரில் உள்ள கர்ப்பிணிகளை எல்லாம் வீடு தேடிப்போய் "ஏன் வரல?" என்று திட்டுகிற நர்சம்மா, தன் செக்கப்பை மட்டும் தள்ளிப்போட்டாள். கால் வீங்கி, தலைவலி தாங்காமல் போனபோது பிரஷர் 160-க்கு 110. 36-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து பையனை எடுத்தார்கள். இரண்டே கிலோ இருந்தான். எடையால் வந்த ஆபத்து ஒரு பங்கு என்றால், வெட்கத்தால் வந்தது இரண்டு பங்கு. உன்னை யார் என்ன சொன்னாலும் செக்கப் ஒன்றைக்கூட விடாதே.

சரி, 20 கிலோ கணக்குக்கு வருவோம். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கில் உனக்கு 37 வருகிறது. உலகக் கணக்கில் 30-க்கு மேலே போனால் உடல்பருமன். நம் நாட்டுக்காரர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் வருவதால் 25-லிருந்தே அப்படிச் சொல்கிறார்கள். ஆக, உன் எடையை அலட்சியமாக விட முடியாது, டாக்டர் சொன்னதில் காரணம் இருக்கிறது. ஆனால் 20 கிலோ குறைக்க ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். பட்டினி கிடந்து குறைத்தால் ஆறு மாதத்தில் திரும்பி வரும். அதற்குள் வயது 30 ஆகிவிடும், மனசும் விட்டுப்போகும். விலக்கு ஒழுங்காக வருவதற்கும் கருமுட்டை வெளிவருவதற்கும் இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது. உன் கணக்கில் அது நாலரை கிலோவிலிருந்து 9 கிலோ வரை. ஆறு மாதத்தில் ஆகக்கூடிய காரியம். நான் உன் இடத்தில் இருந்தால் 5 கிலோ குறைப்பது என்று வைத்துக்கொண்டு, அந்த ஆறு மாதத்திலேயே மற்ற வேலைகளையும் முடித்துக்கொள்வேன். அந்த மற்ற வேலைகள்தான் முக்கியம்.

முதல் வேலை ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பிரஷர். விலக்கு தள்ளிப்போவதால் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். உன் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்து இருக்கிறதா பார். நம் பெண்கள் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் சொல்கிற சேதி. அதைப் பார்த்தால் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

சர்க்கரை ஏற்கெனவே இருந்தால் அதை அடக்கிவிட்டுத்தான் கருத்தரிக்க வேண்டும். எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வருவது நல்லது. குழந்தையின் இதயமும் மூளையும் முதல் எட்டு வாரத்திலேயே உருவாகிவிடும். அந்த நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் பிறவிக் குறைகள் வரும் வாய்ப்பு கூடும். பிரஷருக்கு எனலாப்ரில், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும், அவை குழந்தைக்கு ஆகாது. எடை குறைக்க ஊசி என்று இப்போது நிறையப் பேச்சு. செமாக்ளூடைட் போடுகிறவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஹீமோகுளோபின் பற்றி ஒரு வார்த்தை. குண்டாக இருப்பவளுக்கு ரத்தச் சோகை இருக்காது என்று வீட்டில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும் நினைப்பார்கள். நான் பார்த்த பருமனான பெண்களில் ஹீமோகுளோபின் 8, 9 இருந்தவர்கள் ஏராளம். சோறும் களியும் வயிறு நிறையப் போகும், இரும்புச்சத்து போகாது, அவ்வளவுதான். கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனால் சோகை. பிரசவத்தில் உதிரப்போக்கு அதிகமாகும் வாய்ப்பு பருமனானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் என்பதால், கையில் இருப்பு வைத்துக்கொண்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, ஃபோலிக் ஆசிட் மாத்திரை. இதை இப்போதே கேட்டு ஆரம்பி. கரு உருவான 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய் மூடிவிடும். உனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலக்கு. தள்ளிப்போயிருக்கிறது என்று உனக்குத் தெரிவதற்குள் அந்த 28 நாள் ஓடிப்போயிருக்கும். அதனால் கர்ப்பம் தெரிந்த பிறகு சாப்பிடலாம் என்பது உனக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் சொல்கிற அளவு 400 மைக்ரோகிராம். பிஎம்ஐ 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு 5 மில்லிகிராம் மாத்திரையைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்கி 12 வாரம் வரை கொடுக்கலாம் என்று சில மகப்பேறு வழிகாட்டிகள் சொல்கின்றன, உனக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் கேள்.

துணிக்கடையில் ரவிக்கைத் துணி வாங்கினால், தைக்கிறவரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்? அடுத்த வீட்டுக்காரி அளவில் தைத்துக்கொடுத்தால் சும்மா இருப்போமா? மருத்துவத்திலும் உனக்கு உன் அளவு வேண்டும். மாத்திரையின் அளவு, பிரஷர் பார்க்கிற பட்டையின் அளவு, ஸ்கேன் தேதி, பிரசவம் பார்க்கிற இடம் எல்லாமே உன் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் "ராகிக்களி சாப்பிடு, சர்க்கரையும் வராது, உடம்பும் இளைக்கும்" என்பார்கள். ராகி நல்ல தானியம்தான். 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் அதிலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மாவுச்சத்துதான். இரண்டு பெரிய உருண்டை களியை விழுங்கிவிட்டு இளைக்கவில்லையே என்று கேட்டால் எப்படி? ஒரு உருண்டை, அதுவும் உன் கைப்பிடி அளவு. கூடவே கீரைக்குழம்போ, கொள்ளு, மொச்சை, பச்சைப்பயறு கடைந்ததோ நிறைய, ஒரு முட்டை. கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிடக் களியாகத் தின்பது நல்லது, கூழில் சர்க்கரை சீக்கிரம் ஏறும். தட்டில் பாதி காய் கீரை என்பதை மட்டும் விடாதே.

டீயைக் கவனி. ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 ஸ்பூன், 40 கிராம் சர்க்கரை. அதிலேயே 160 கலோரி. அதோடு சாயங்காலம் பேக்கரி தேங்காய் பன். நான் எடை குறைத்தது களியை நிறுத்தி இல்லை, இந்த இரண்டையும் நிறுத்தித்தான்.

நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். "முட்டி வலிக்குது" என்று பெண்கள் சொன்னால் உடனே எடையின் தலையில் பழியைப் போடுகிறோம். நம் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவி படிவது மட்டுமில்லை, எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உங்கள் வீதியில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வை.

அப்புறம் உன் வீட்டுக்காரர். மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை என்றால் உன்னை மட்டும் சோதித்துப் பிரயோசனம் இல்லை. விந்துப் பரிசோதனை ஒரே நாள் வேலை, ஊசிகூடக் கிடையாது. அவருக்கும் தொப்பை, பீடி சிகரெட், குடி இருந்தால் அவரும் உன்னோடு சேர்ந்து இந்த ஆறு மாதத்தை ஓட்ட வேண்டும். மாமியாரிடம் இதை நீ சொல்ல வேண்டாம், டாக்டர் வாயால் சொல்ல வை.

கரு தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே உங்கள் கிராம செவிலியரிடம் சொல்லி 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்து, அதற்குக் கொடுக்கிற பிக்மி எண் வாங்கிவிடு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும். உனக்கு விலக்குத் தேதியை வைத்து வாரக் கணக்குப் போட முடியாது, அதனால் முதல் மூன்று மாதத்திலேயே ஸ்கேன் எடுத்துத் தேதியை முடிவு செய்ய வேண்டும். வயிற்றுக் கொழுப்பு தடிமனாக இருந்தால் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனில் படம் மங்கலாக வரும். அதனால் ஆரம்பத்தில் உள்வழியாக ஸ்கேன் செய்யலாம் என்பார்கள். கூச்சப்பட்டு மறுக்காதே, குழந்தைக்குக் கெடுதல் இல்லை. உறுப்புகளைப் பார்க்கிற டிஃபா ஸ்கேன் 18-லிருந்து 20 வாரத்தில். "முகம் தெரியல, இதயம் சரியாத் தெரியல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றால் பயந்து அழாதே. படம் தெளிவாக வரவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஆனால் அந்த இரண்டாவது தடவையை விட்டுவிடாதே, நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கர்ப்பத்தில் எவ்வளவு எடை ஏறலாம்? பிஎம்ஐ 30-க்கு மேல் இருப்பவர்களுக்கு மொத்தம் 5 முதல் 9 கிலோ. சாதாரண எடைக்காரிக்குச் சொல்கிற 11, 12 கிலோ கணக்கு உனக்கு இல்லை. அதற்காகக் கர்ப்பத்தில் டயட் இருந்து இளைக்கப் பார்க்கவும் கூடாது. "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று எல்லா வீட்டிலும் தட்டில் கொட்டுவார்கள். கடைசி ஆறு மாதத்துக்குக்கூட ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது 350 கலோரிதான். ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, முடிந்தது.

சர்க்கரைப் பரிசோதனை முதல் செக்கப்பிலேயே உண்டு. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதில்லை. அஞ்செட்டியிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவளைப் பட்டினியோடு வரச்சொன்னால் அவள் மறுபடி வரமாட்டாள். சென்னை டாக்டர் வி. சேஷையா முன்னெடுத்த இந்த முறை அதனால்தான் நம்மூருக்கு ஒத்துவந்தது. 140 அல்லது அதற்கு மேல் போனால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நம்மூர்ச் சிக்கல் இருக்கிறது. உன் ஆறாம் ஏழாம் மாதம் சித்திரை, வைகாசியில் வந்தால், காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு மாம்பழத்தை எப்படித் தவிர்ப்பாய்? செந்தூரா, மல்கோவா வாசனை வீடு முழுக்க இருக்கும். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூராவையும் யாராவது ஒரு கூடை கொண்டுவந்து போடுவார்கள். சர்க்கரை இல்லை என்றால் அளவாகச் சாப்பிடு. சர்க்கரை வந்துவிட்டால் ஒரு கீற்று, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து இல்லாமல் நடுவில் தனியாக, சாப்பிட்ட பிறகு சர்க்கரை பார்த்துவிட்டு. ஜூஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிரஷர் விஷயத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்வேன். கையில் சுற்றுகிற பட்டை உன் கைக்குச் சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒரு முறை ஒரு பெண்ணுக்கு 150-க்கு 100 என்று பார்த்து ராத்திரியோடு ராத்திரியாக 108-ல் ஏற்றி அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய பட்டை போட்டுப் பார்த்தால் 126-க்கு 80. குடும்பமே அழுதுகொண்டு வந்திருந்தது. இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கும், அது இன்னும் மோசம். பட்டை ஒட்டாமல் பிய்த்துக்கொண்டே வர, பொறுமை போய் அட்டையில் 120-க்கு 80 என்று எழுதிவைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தையல் டேப் எடுத்து உன் மேல்கையின் நடுவில் சுற்றளவு பார். 34 சென்டிமீட்டரைத் தாண்டினால் உனக்குப் பெரிய பட்டை வேண்டும். "பெரிய பட்டை இருக்குங்களா சிஸ்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் மெஷின் வாங்குவதாக இருந்தாலும் பெரிய பட்டையோடு கேட்டு வாங்கு.

உனக்கு இது முதல் பிள்ளை, பிஎம்ஐ 35-க்கு மேல். இந்த இரண்டும் சேர்ந்தாலே கர்ப்பகால ரத்தக்கொதிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். 75 முதல் 150 மில்லிகிராம் வரை, 12 வாரத்திலிருந்து. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். அதனால் மூன்றாம் மாதச் செக்கப்பில் நீயே வாய்விட்டுக் கேள். கடையில் நீயாக வாங்கிச் சாப்பிடாதே. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் வந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தையின் அசைவும் அப்படித்தான். "குண்டா இருக்கறதால அசைவு தெரியாது" என்று யார் சொன்னாலும் நம்பாதே. குண்டானவர்களுக்கும் அசைவு தெரியும். 28 வாரத்துக்குப் பிறகு வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே போ.

இனி எங்கே பிரசவம் என்பது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உன் அட்டையில் சிவப்பு மையில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதுவார்கள், பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள் என்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. ஆபரேஷன், ரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் 24 மணி நேரமும் இருக்கிற இடம் உனக்கு வேண்டும். சீமாங்க் மையம் என்று சொல்வது அதைத்தான். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் 2022 ஜனவரியில் திறந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பெல்லாம் சிக்கல் என்றால் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போக வேண்டும், பாதி வழியில் பிள்ளை பிறந்த கதைகள் எங்களிடம் நிறைய உண்டு.

உன் விஷயத்தில் நான் பயப்படுவது வளைகாப்புக்குத்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுவரை உன்னைக் கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டருக்கு உன் பிரஷர், சர்க்கரை எல்லாம் தெரியும். பென்னாகரம் போனபிறகு புது ஆள், புது அட்டை, புதுக் கேள்வி. பிரஷர் ஏறுகிற மாதமும் அதேதான். நான் பார்த்த பல சிக்கல்கள் இந்த இடைவெளியில் வந்தவை. அதனால் வளைகாப்புக்கு முன்பே ஒரு முடிவுக்கு வா. கடைசிவரை கிருஷ்ணகிரி என்றால் அம்மாவை இங்கே வரச்சொல். பென்னாகரம்தான் என்றால் ஆறாம் மாதத்திலேயே தர்மபுரியில் ஒரு முறை காட்டி, எல்லாச் சீட்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போ. அம்மா ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் எவ்வளவு நேரம் ஆகும், 108 வீட்டு வாசல்வரை வருமா, மெயின் ரோட்டில்தான் நிற்குமா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடச் சொல் உன் தம்பியை.

நார்மல் ஆகுமா என்று கேட்டாய். ஆகலாம். உன் எடையில் நார்மலாகப் பெற்றவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் ஆகிற வாய்ப்பு மெலிந்தவர்களைவிட உனக்கு அதிகம் என்பதும் உண்மை. குழந்தை பெரிதாகிவிட்டாலோ, சர்க்கரை பிரஷர் ஏறினாலோ அது இன்னும் கூடும். குறித்த தேதி தாண்டிப்போவதும், வலி வந்தபின் கர்ப்பப்பை வாய் திறப்பது மெதுவாக நடப்பதும் பருமனானவர்களுக்கு வழக்கம். மெதுவாகப் போகிறது என்பதாலேயே அவசரப்பட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று விஷயம் தெரிந்த டாக்டர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். நீ செய்யக்கூடியது மல்லாந்து படுக்காமல் இருப்பது. நட, உட்கார், இடது பக்கம் ஒருக்களித்துப் படு, முட்டி போட்டுக் கைகளை ஊன்றிக்கொள். அரசு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு உண்டு. அங்கே மாமியாரா அம்மாவா என்ற சண்டை வேண்டாம், யார் உன் இடுப்பைப் பிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்களோ அவர்களை அழைத்துப்போ.

எட்டாம் மாதத்தில் மயக்க மருந்து டாக்டரை ஒருமுறை பார்த்துவிட முடியுமா என்று கேட்டுப் பார். முதுகில் சதை அதிகமாக இருந்தால் முதுகுத்தண்டில் ஊசி போடும் இடம் கண்டுபிடிக்க நேரம் ஆகும். நடுராத்திரி அவசரத்தில் முதன்முதலாக உன் முதுகைப் பார்ப்பதைவிடப் பகலில் நிதானமாகப் பார்த்து வைப்பது அவருக்கும் நல்லது, உனக்கும் நல்லது. தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் அதையும் அவரிடம் சொல்.

பிரசவத்துக்குப் பிறகுதான் நம் வழக்கங்களோடு உனக்குப் பெரிய போராட்டம். "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். ஒரு மாதம் இருட்டறையில் படுக்கப் போடுவார்கள், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பருமனான உடம்பில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதற்கு வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். தண்ணீர் குறைந்து, அசையாமலும் படுத்திருந்தால் அதற்கு வரவேற்புப் பத்திரிகை வைத்த மாதிரி. ஆபரேஷன் ஆனாலும் முதல் நாளே பிடித்துக்கொண்டு எழுந்து நட. தாகத்துக்குக் குடி. ரத்தம் உறையாமல் இருக்கச் சில நாள் ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடு.

ஆபரேஷன் புண் உனக்கு வயிற்று மடிப்புக்கு அடியில் இருக்கும். அங்கே வியர்வை தேங்கினால் சீழ் பிடிக்கும். குளித்தபின் மடிப்பைத் தூக்கித் துவைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடு, கொஞ்ச நேரம் காற்றாட விடு. மஞ்சளோ பவுடரோ போடாதே. உனக்கே குனிந்து பார்க்க முடியாது, அதனால் தினமும் ஒரு முறை யாராவது பார்த்துச் சொல்லட்டும். சிவப்பு, நாற்றம், நீர்க்கசிவு, காய்ச்சல் எது இருந்தாலும் காட்டிவிடு.

பால் உனக்கு ஓரிரு நாள் தாமதமாகச் சுரக்கலாம். "குண்டாயிருக்கா, பால் மட்டும் இல்ல" என்று ஒரு வாய் பேசும், இன்னொரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்னும், தெருவில் கழுதைப்பால்காரரும் வந்துவிடுவார். எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டு, அடிக்கடி சப்பக் கொடு. மார்பு பெரியதாக இருந்தால் மடியில் வைத்துக் கொடுப்பது கஷ்டம். குழந்தையின் கால் உன் முதுகுப் பக்கம் போகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிப் பிடி, மார்புக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வை. இது தெரிந்த நர்ஸ் வார்டில் ஒருவராவது இருப்பார், கேட்டுக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போ.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால் ஆறு வாரம் கழித்து மறுபடியும் அந்தக் குளுக்கோஸ் பரிசோதனை, பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தனக்கு ஒரு ஊசி குத்தி ரத்தம் பார்க்க மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வாரமே போவதாக இருந்தால் விலக்கு வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள், பழைய ஸ்கேன், ரத்தச் சீட்டுகளை எடுத்துக்கொள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போ. "20 கிலோ குறைக்கும்வரை நான் காத்திருக்க முடியாதுங்க, இப்போதிருந்தே என்னென்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்று நேராகக் கேள். தளர்ந்த கை வைத்த ஜாக்கெட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போ. இறுக்கமான கையை மேலே சுருட்டி ஏற்றிவிட்டுப் பார்த்தாலே பிரஷர் தப்பாகத்தான் காட்டும்.